10,500 ரூபாய் சம்பளத்துக்குப் போனால் கையில் எவ்வளவு கூடும்?

திருமங்கலம் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஆயிரம் ரூபாயைக் கொடுத்துக் கொடுத்து ஆளுகளைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க. களையெடுக்க ஆள் இல்ல, பூப்பறிக்க ஆள் இல்ல." சொல்பவர் பெரும்பாலும் ரெண்டு ஏக்கர் மல்லிகையோ பருத்தியோ வைத்திருக்கும் விவசாயியாக இருப்பார். அவருடைய கஷ்டம் உண்மை. அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் பல வருடமாக எங்கள் பகுதி மகளிர் குழுக்களுக்குக் கணக்கு நோட்டு எழுதித் தருகிறேன். உதவித்தொகை வாங்குகிற பெண்கள் சம்பள வேலைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன், போய் மூன்றே வாரத்தில் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் மனசுக்குள் போட்ட கணக்கை நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி. அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப் போகிறேன்.

உதவி என்றால் எல்லாம் ஒன்றா?

அரசு தரும் பணம், அரிசி, பஸ் பயணம் எல்லாவற்றையும் சேர்த்து 'இலவசம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் வேலைக்குப் போனால் அந்த உதவி என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், மூட்டை தானாகப் பிரிந்துவிடும்.

ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். நீங்கள் கூலி வேலையை விட்டு மில் வேலைக்குப் போனாலும் அட்டை அப்படியேதான் இருக்கும். 2021 மே மாதம் தொடங்கிய டவுன் பஸ் இலவசப் பயணமும் அப்படித்தான். வேலைக்குப் போகிற பெண்ணா, வீட்டில் இருக்கிற பெண்ணா என்று கண்டக்டர் கேட்பதில்லை. இந்த மாதிரி உதவி ஒருவர் வேலைக்குப் போவதைத் தடுக்காது. பஸ்ஸைப் பார்த்தால் வேலைக்குக் கூட்டிக்கொண்டே போகிறது.

இன்னொரு வகை உதவிக்கு தகுதி வரம்பு உண்டு. வருமானம் இவ்வளவுக்குக் கீழே இருந்தால்தான் கிடைக்கும், தாண்டினால் நின்றுவிடும் என்கிற கோடுதான் அது. ஆதரவற்ற விதவை உதவித்தொகை இந்த வகை. 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. ஆதரவும் வருமானத்துக்கு வழியும் இல்லாதவர் என்பதுதான் அதற்கு அடிப்படை. நிரந்தரச் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டால் அந்த அடிப்படையே போய்விடுகிறது.

டீக்கடையில் திட்டு வாங்குகிற கலைஞர் மகளிர் உரிமைத் தொகை எந்த வகை? 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். அதற்கும் கோடு உண்டு, ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் என்று உயரத்தில் போட்டிருக்கிறார்கள். மாதத்துக்குப் பிரித்தால் 20,800 ரூபாய்க்கு மேல் வருகிறது. களையெடுக்கப் போனாலும், கடையில் நின்றாலும், பனியன் தைத்தாலும் கூலிக்காரக் குடும்பம் அந்தக் கோட்டைத் தொடுவது அரிது. ஆக, அந்த ஆயிரம் ரூபாயை இழந்துவிடுவோம் என்று பயந்து யாரும் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: சில உதவிகள் வேலைக்குப் போனாலும் தொடரும், சில நின்றுவிடும். நம் கேள்விக்கு முக்கியமானவை நின்றுவிடுபவைதான்.

ஒச்சம்மாள் கணக்கு

உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே ஓர் ஊர். அங்கே ஒச்சம்மாள் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 33, கணவர் இல்லை. மகன் மூன்றாம் வகுப்பு, மகளுக்கு நாலு வயசு. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை இருக்கிறது, சம்பளம் 10,500 என்று தகவல் வருகிறது. போகலாமா?

இப்போது அவருக்கு என்ன வருகிறது என்று பார்ப்போம். உதவித்தொகை 1,200. அப்புறம் நூறு நாள் வேலை. 2025-26க்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் வேலையை அளந்துதான் கூலி போடுவார்கள், நூறு நாளும் முழுதாகக் கிடைப்பதும் அரிது. வருஷத்துக்கு 60 நாள், நாளுக்கு 280 என்று வைத்தால் 16,800 ரூபாய். மாதத்துக்கு 1,400. மல்லிகைப் பூப்பறிப்பு, களையெடுப்பு என்று அங்கே இங்கே கிடைக்கும் கூலி மாதம் 2,000 என்று வைப்போம். மொத்தம் 4,600. ரேஷன் அரிசி தனி.

கப்பலூருக்குப் போனால் 10,500. அதில் பி.எஃப். 12 சதவீதம், 1,260 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 79 ரூபாய். கைக்கு வருவது 9,161.

இனி செலவு. ஷிப்டு காலை 7 மணிக்கு. ஊருக்கு முதல் டவுன் பஸ் 6.40க்குத்தான். ஆகவே காலையில் ஷேர் ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு வந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். நாளைக்கு 60 ரூபாய், 26 நாளுக்கு 1,560. சாயந்தரம் டவுன் பஸ் கிடைத்துவிடும், காசு இல்லை. பிள்ளைகளைக் காலையில் கிளப்பி அனுப்பவும் சாயந்தரம் பார்த்துக்கொள்ளவும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1,000. டீ, வடைக்கு நாளைக்கு 30 என்றால் 780. மொத்தச் செலவு 3,340.

இழப்பது எவ்வளவு? உதவித்தொகை நின்றுவிடும், நூறு நாள் வேலைக்குப் போக முடியாது, பூப்பறிக்கவும் முடியாது. 4,600 முழுசாகப் போகிறது.

9,161இலிருந்து 4,600ஐயும் 3,340ஐயும் கழித்தால் மிச்சம் 1,221 ரூபாய்.

இந்த எண்ணுக்குத்தான் நிகர வருமானக் கூடுதல் என்று பெயர். சம்பளம் எவ்வளவு என்பதற்குப் பதிலாக, வேலைக்குப் போனதால் முன்பைவிட எவ்வளவு அதிகம் கையில் நிற்கிறது என்று பார்ப்பது. 26 நாள் உழைப்புக்கு 1,221 என்றால் நாளுக்கு 47 ரூபாய். விடியற்காலை 4.30க்கு எழுந்து சாயந்தரம் 5 மணிக்கு வீடு சேரும் ஒரு நாளுக்கு 47 ரூபாய்! இதைப் பார்த்து "வேணாம்க்கா" என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் கணக்கு தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பி.எஃப்.இல் போகும் 1,260 ஒச்சம்மாள் பணம்தான், கம்பெனியும் தன் பங்கைப் போடுகிறது. இ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். பத்து வருஷக் கணக்கில் பார்த்தால் கப்பலூர் வேலை பல மடங்கு மேல். ஆனால் ஒச்சம்மாள் அரிசிக் கடையில் நிற்பது இந்த மாதம். பத்து வருஷக் கணக்கைக் காட்டி இந்த மாதத்து அடுப்பை எரிக்க முடியாது.

இந்தக் கணக்கில் எண்கள் எல்லாம் நான் வைத்தவை. உங்கள் ஊர்ப் பஸ், உங்கள் வீட்டுப் பிள்ளைகள், உங்கள் கூலி என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொகை மாறும், வழிமுறை இதேதான்.

கண்மாய்க் கரையும் படித்துறையும்

தெப்பக்குளத்தில் இறங்க வேண்டுமென்றால் படி இருக்கிறது. ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கலாம், வேண்டாமென்றால் ரெண்டு படி மேலே ஏறிக்கொள்ளலாம். கண்மாய்க் கரை உடைந்த இடத்தில் இறங்கினால் ஒரே சரிவு. கால் வைத்தவுடன் கழுத்தளவுத் தண்ணீர்.

உதவியை நிறுத்துவதிலும் இந்த ரெண்டு வகை உண்டு. கோட்டைத் தாண்டியதும் முழுத் தொகையும் ஒரே நாளில் நிற்பதை வரம்பு வீழ்ச்சி என்று சொல்லலாம். வருமானம் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது படிப்படிக் குறைப்பு.

நம் பக்கத்துத் திட்டங்களில் பெரும்பாலும் முதல் வகைதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷம் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 6,000. வீட்டில் ஒரு தம்பி 8,000 ரூபாய்க்கு ஜவுளிக் கடையில் சேர்ந்தால் அண்ணனின் தொகை கேள்விக்குறிதான்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் கோடு வேறு இடத்தில்: ஆண்டுக்கு 1.2 லட்சம், மாதம் 10,000. ஒச்சம்மாள் 10,500க்குப் போனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். கப்பலூர் கம்பெனியில் இ.எஸ்.ஐ. இருப்பதால் பரவாயில்லை. அதே 10,500ஐ இ.எஸ்.ஐ. பிடிக்காத ஒரு கடையில் வாங்கினால்? காப்பீட்டு அட்டைக்குத் தகுதி போச்சு, வேறு காப்பும் இல்லை. பிள்ளைக்கு ஒரு ஆபரேஷன் என்றால் அந்தச் சம்பளம் எந்த மூலைக்கு? ஒரே குடும்பத்துக்கு 6,000, 10,000, 20,800 என்று மூன்று இடத்தில் மூன்று கோடு. எதைத் தாண்டினால் எது போகும் என்று வரி வரியாகத் தெரிந்தவர்கள் அதிகாரிகளிலேயே குறைவாகத்தான் இருப்பார்கள். தெரியாதபோது மனுஷன் என்ன செய்வான்? எதையும் தொடாமல் இருந்த இடத்தில் இருப்பான்.

படிப்படிக் குறைப்புக்கு நல்ல உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே பல உதவிகளை ஒன்றாக்கி 2013இல் யுனிவர்சல் கிரெடிட் என்று கொண்டுவந்தார்கள். 2021 கடைசியிலிருந்து அதில் விதி இப்படி: ஒரு பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்தால் உதவியில் 55 பென்ஸ் குறையும், 45 பென்ஸ் கையில் நிற்கும். பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் உடல்நலக் குறைவால் வேலை செய்வது கஷ்டமானவர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட தொகை வரை எதுவுமே குறையாது. அந்தத் திட்டத்தின் மீது அங்கேயே நிறையக் குறை சொல்கிறார்கள். இருந்தாலும் ஒரு விஷயத்தை அது ஒத்துக்கொண்டிருக்கிறது: ஒரு மணி நேரம் அதிகம் உழைத்தால் கையில் ஏதாவது கூட வேண்டும்.

சுருக்கமாக: ஒருவர் வேலைக்குப் போகத் தயங்குவதற்கு உதவி இருப்பதைவிட, அது எப்படி நிற்கிறது என்பதுதான் பெரிய காரணம்.

பணம் வாங்கினால் உழைப்பு குறையுமா?

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் இன்னும் மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகரகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் ஏழைகளுக்குப் பணம் தந்த திட்டங்களின் தகவல்களை அவர்கள் மறுபடி எடுத்து அலசினார்கள். பணம் வாங்கியவர்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு முறையான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லையே, அது பொய்யா? பொய் இல்லை. கையில் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி இருந்தால் மனிதர் ரொம்பக் குறைந்த கூலிக்கு மறுப்புச் சொல்ல முடிகிறது. முன்பு 150 ரூபாய்க்கு வந்தவர் இன்றைக்கு 300 கேட்கிறார், அதுவும் மதியம் ரெண்டு மணிக்குள் முடிகிற வேலையாகக் கேட்கிறார். கூலி கேட்டுப் பேரம் பேசுவது வேலையே வேண்டாம் என்பதாகாது. இதில் மல்லிகை வைத்திருக்கும் சின்ன விவசாயிக்கு அடி விழுகிறது என்பதும் சரிதான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. அவரால் கூலியை எங்கிருந்து ஏற்ற முடியும்? அவருடைய பிரச்சினைக்குத் தீர்வு பூ விலையில் தேட வேண்டியது. ஒச்சம்மாளின் 1,200 ரூபாயில் தேடினால் கிடைக்காது.

நாற்று பச்சை பிடிக்கும் வரை

நாற்றங்காலில் பச்சைப் பசேல் என்று நிற்கும் நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டதும் என்ன ஆகிறது? நாலைந்து நாள் மஞ்சளடித்து வாடி நிற்கும். புது ஊர்க்காரர் பார்த்தால் பயிர் செத்துப்போச்சு என்றே நினைப்பார். வேர் ஊன்றியதும் நிமிரும். பயிர் பச்சை பிடித்துவிட்டது என்பார்கள். அந்த நாலைந்து நாளில் தண்ணீர் பிசகினால்தான் ஆபத்து.

உதவியிலிருந்து சம்பளத்துக்கு மாறுகிறவருக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. இதை இடைக்காலம் என்றே சொல்வோம். பூப்பறித்தால் அன்றைக்கோ வாரக் கடைசியிலோ காசு கையில். கம்பெனி வேலையில் ஒன்றாம் தேதி சேர்ந்தால் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதி வாக்கில். முப்பத்தேழு நாள். அந்த முப்பத்தேழு நாளும் ஷேர் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். வாரக் குழுக் கடன் தவணை புதன்கிழமை வந்து நிற்கும், சம்பளத் தேதி பார்க்காது. மளிகைக் கடையில் பாக்கி ஏறும். பலர் வட்டிக்கு வாங்குகிறார்கள். முதல் சம்பளம் வந்த அன்றே அதில் பாதி கடனுக்குப் போய்விடுகிறது. ரெண்டாவது மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் லீவு போட்டால் சம்பளம் பிடித்தம். மூன்றாவது மாதம் அவர் மறுபடி பூந்தோட்டத்தில் நிற்கிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது "வேலையில் நிலைக்க மாட்டேங்குறாங்க" என்று தெரிகிறது. வேர் பிடிக்கும் முன்னே தண்ணீர் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிகிறது.

இன்னொரு பயமும் இந்தக் காலத்தில் உண்டு. உதவித்தொகை வாங்க ஒச்சம்மாள் வருமானச் சான்று, விதவைச் சான்று என்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் வரை எத்தனை நடை நடந்திருப்பார்! கம்பெனி ஆறு மாதத்தில் ஆட்குறைப்புச் செய்தால் அந்த 1,200 திரும்ப வருமா? மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டுமா? எனக்குத் தெரிந்து, 'வேலை போனால் பழைய உதவி அடுத்த மாதமே தொடரும்' என்று எழுதித் தந்தால் பாதிப் பேர் தைரியமாகக் கிளம்பிவிடுவார்கள். அரசுக்கு அதனால் பெரிய செலவும் இல்லை. திரும்பி வருபவர்களுக்கு மட்டும்தானே கொடுக்க வேண்டும்.

இந்த இடைக்காலத்தைப் புரிந்துகொண்ட ஒரு விதி மத்திய அரசின் தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனாவில் இருக்கிறது. 2014இல் வந்த திட்டம். கிராமத்து ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்கு, பொதுவாக 15 முதல் 35 வயது, பெண்களுக்கு 45 வரை, இலவசப் பயிற்சி தந்து வேலையில் சேர்ப்பது நோக்கம். வேலையில் சேர்ந்த பிறகும் மாதம் 1,000 ரூபாய் தர வழி வைத்தார்கள். சொந்த மாவட்டத்தில் சேர்ந்தால் ரெண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம். நட்ட பயிருக்கு விடுகிற தண்ணீர் இதுதான்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்

அமெரிக்காவில் 1996இல் கொண்டுவந்த சட்டம் கண்டிப்பானது. மத்திய அரசுப் பணத்தில் தரும் குடும்ப உதவியை வாழ்நாளில் மொத்தம் 60 மாதத்துக்கு மேல் வாங்க முடியாது, வாங்கும்போதே வேலை தேடவோ செய்யவோ வேண்டும். உதவி வாங்குவோர் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் நிறையப் பேர் வேலைக்கும் போனார்கள். இதை வைத்து "நிறுத்தினால் தானாகப் போவார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதே சமயத்தில் அங்கே பொருளாதாரம் நன்றாக இருந்தது, வேலை நிறைய இருந்தது. அதோடு, 1975 முதலே இருந்த ஒரு திட்டத்தை 1993இல் பெரிதாக விரித்திருந்தார்கள். குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் குடும்பத்துக்கு, சம்பளத்துக்கு மேல் வரிக் கணக்கு வழியாக அரசு ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கும். நிகர வருமானக் கூடுதலை அது ஏற்றிவிட்டது. உதவியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நடுவில் விழுந்த குடும்பங்களும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது வங்காளதேசத்து வழி. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. மிகவும் ஏழையான பெண்களுக்கு ஒரு மாடோ ஆடுகளோ கொடுத்தார்கள். அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சக் காலம் பணம், சேமிக்கப் பழக்கம், பயிற்சி, அப்புறம் அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஓர் ஆள். ஏறக்குறைய ரெண்டு வருஷம் இப்படிக் கூடவே நடந்தார்கள். இதே முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் (இங்கே மேற்கு வங்காளத்தில்) சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருஷம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் சாப்பாடும் முன்பைவிட மேலே நின்றன. மாடு மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் முதல் காய்ச்சலுக்கே அது சந்தைக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மதுரையில் ஒரு வெள்ளிக்கிழமை

கே.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கு எங்கள் குழுப் பெண் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். மஞ்சப்பையில் சான்றிதழ்கள், அதிலே ஒன்று லேமினேஷன் ஓரம் பிரிந்து, மடங்காமல் இருக்க ஒரு காலண்டர் அட்டை. முறை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தம்பி சம்பளம், பி.எஃப்., மதியச் சாப்பாடு எல்லாம் கடகடவென்று சொன்னார். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தன மணிக்கு விடுவீங்க தம்பி?"

"ஷிப்டு ஆறு மணிக்கு முடியும்க்கா. சில நாள் ஓ.டி. இருக்கும்."

"புள்ள நாலு பத்துக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்துருவான்."

அதற்கு அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய காகிதத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது. வயது, படிப்பு, முன் அனுபவம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது.

பிள்ளைகளுக்காகச் செய்வது தாய்க்கு வேலைவாய்ப்புத் திட்டமாகவும் ஆகிறது என்பதை நான் அன்றைக்கு முழுசாக உணர்ந்தேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது நம் மதுரையில்தான், 2022 செப்டம்பர் 15, சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசியாறப் போடுவதுதான் நோக்கம். ஆனால் காலையில் அடுப்படியில் நிற்கும் முக்கால் மணி நேரம் தாய்க்கு மிச்சமாகிறதே, அது எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. அங்கன்வாடியும் அப்படித்தான். நாலு வயசுப் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்கிறது, ஆனால் ஷிப்டு முடியும் முன்பே மூடிவிடுகிறது. காலை நேரத்துக்கும் அந்த ரெண்டு மணி நேர இடைவெளிக்கும் சேர்த்துத்தான் ஒச்சம்மாள் 1,000 ரூபாய் கொடுக்கிறார்.

கணக்கை மறுபடி போட்டால்

இப்போது 1,221க்குத் திரும்பி வருவோம். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம். உதவித்தொகையை முதல் ஒரு வருஷம் மட்டும் தொடர்ந்து தந்தால் கூடுதல் 2,421 ஆகிறது. காலை டவுன் பஸ் ஷிப்டுக்குப் பொருந்தினால் 1,560 மிச்சம், 3,981. அங்கன்வாடி காலையில் முன்னதாகவே திறந்து, ஷிப்டு முடியும் வரை இருந்து, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பதும் மிச்சமானால் 4,981. நாளுக்கு 47 ரூபாயாக இருந்தது 192 ஆகிவிட்டது. கப்பலூர் முதலாளியும் அதே சம்பளம்தான் தருகிறார், ஒச்சம்மாளும் அதே ஒச்சம்மாள்தான்.

இந்தக் கணக்கைப் போன மாதம் ஓர் ஊரில் குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பதினாலு பேர் இருந்தார்கள். உதவித்தொகை விதி நம் கையில் இல்லை, அங்கன்வாடி நேரமும் இல்லை என்று பேச்சு ஓடியது. கடைசி வரிசையில் இருந்த ஒரு அக்கா, இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவர், பலகையில் 1,560 என்ற இடத்தைக் காட்டி, "பஸ்ஸ மட்டும் கேட்டுப் பாப்பமா?" என்றார்.

மனு எழுதிவிட்டோம். 6.40 பஸ்ஸை 5.50க்கு விடச் சொல்லி. காலையில் ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள், பஸ் வந்தால் வேலைக்குப் போகத் தயாராக இருக்கிறவர்கள் என்று ரெண்டு பட்டியல் இணைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் பத்துப் பேர் போகிறோம்.